ஓட்வார் கடலில் இறங்கிய காரணம்

"கையைத் தூக்குங்க ஓட்வார்! உடம்பு பூரா போயாச்சு. தலை மட்டும்தான் பாக்கி!"

"தலைதான் பெருசா இருக்கு!" என்று ரப்பருக்குள்ளிருந்து ஒரு குரல் முனகியது.

ஸ்கார்விக் படகுத்துறையின் மரப்பலகைமேல் நின்றுகொண்டு, ஓட்வார் தண்ணீர் புகாத உடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். ஏப்ரலிலும் ஐஸாகக் கிடக்கும் அந்த வடகோடிக் கடலில் இறங்க வேண்டுமென்றால் உள்ளே கம்பளி, வெளியே ரப்பர், வேறு வழியில்லை. கால் போயிற்று, கை போயிற்று, வயிறுகூட ஒருமாதிரி சமாதானமாகிப் போயிற்று. கழுத்துப் பட்டை மட்டும் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டு, மேலேயும் போகமாட்டேன் கீழேயும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

இழுத்துக்கொண்டிருந்தவள் இங்குன். சின்ன ஊரில் ஆளுக்கு மூன்று வேலை. இங்குன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முக்குளிப்புச் சங்கத்தில் பயிற்சியாளர், ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவுக்குத் தலைவி. மூன்றிலும் அவளுக்குப் பொறுமை அதிகம். அந்தப் பொறுமை இப்போது கரைந்துகொண்டிருந்தது.

"பையில சோப்பு இருக்கு. பாத்திரம் கழுவுற சோப்பு. அதைப் போட்டு இழு!" என்றார் ஓட்வார்.

"கொஞ்சமாப் போடணும்."

"தாராளமாப் போடு!"

தாராளமாகப் போட்டார்கள். தலை 'பொளக்' என்று வெளியே வந்தது. கூடவே சோப்பு கண்ணுக்குள் போனது. கண் எரிகிறது என்று ஓட்வார் தண்ணீரைத் தேடிக் குனிந்தார். குனிந்த இடத்தில் பலகை முடிந்துவிட்டது.

விழுந்தவர் முங்கவில்லை. உடைக்குள் இருந்த காற்றெல்லாம் சேர்ந்து அவரைப் பந்தாக மிதக்கவைத்தது. கூட இறங்கிய இங்குன் மூச்சுக்குழாயை வாயில் கொடுத்து எவ்வளவு அமுக்கினாலும் அவர் கீழே போகவில்லை. "ஈயம் போதலை. இன்னும் கட்டு!" என்று குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினார். இடுப்பில் இன்னும் ஈயக் கட்டிகளை மாட்டினார்கள். இப்போது ஓட்வார் நேராகத் தரைக்குப் போனார். போகிற வேகத்தைக் கண்டு பயந்து, மார்பிலிருந்த பொத்தானை அமுக்கினார். அமுக்கினால் உடைக்குள் காற்று வரும், வேகம் குறையும் என்று பாடம். வந்த காற்று அத்தனையும் கால் பக்கமாக ஓடிவிட்டது.

சிறிது நேரத்தில் துறைமுகத்தின் நடுவே இரண்டு கால்கள் மட்டும் மேலே வந்து நின்றன.

பக்கத்துப் படகில் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார் சிவெர்ட். அவர் மீனவர். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம். அன்றைய வாக்கியத்தை அவர் இங்கே செலவழித்தார்.

"காலைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிச்சது இன்னிக்குத்தான்."

இங்குன் அவரைப் புரட்டி நிமிர்த்தினாள். "இன்னிக்கு இது போதும் ஓட்வார். வீட்டுக்குப் போயி சூடா எதையாவது குடிங்க."

"இன்னொரு தடவை" என்றார் ஓட்வார். உதடு நீலமாக இருந்தது. மீசையில் சோப்பு நுரை.

"அடுத்த வாரம் பாத்துக்கலாமே?"

"தலையால தண்ணி குடிச்சாவது இந்த மாசத்துக்குள்ள நான் கத்துக்கணும்."

"அதைத்தானே இப்ப செஞ்சீங்க!"

ஐம்பத்தைந்து வயதில், காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் மனிதருக்கு இந்த வெறி எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்டது. "கடலுக்கு அடியில அழகு கொட்டிக் கிடக்குதாமே" என்று ஓட்வார் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். உண்மைக் காரணம் டூபா.

டூபா என்பது வாத்தியக் குழுவில் இருப்பதிலேயே பெரிய பித்தளைக் குழல். மடியில் வைத்து ஊதினால் ஊதுகிற ஆளின் முகம் தெரியாது. ஸ்கார்விக் குழுவின் டூபாவை ஊதுபவள் குன்வோர், ஓட்வாரின் மனைவி. நல்ல பெண். சிரித்தால் கன்னம் முழுவதும் சிரிக்கும். ஆனால் தினமும் சாயங்காலம் பயிற்சி செய்வாள். மரவீடு, ஊதினால் சுவரெல்லாம் அதிரும். கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்குக் காது கேட்கவைத்துவிட்டு வரும் ஓட்வாருக்கு, வீட்டுக்கு வந்ததும் தன் காது கேட்காமல் போனால் தேவலை என்று இருக்கும்.

போதாக்குறைக்கு அந்த டூபா கிழடு. நடுப் பொத்தானை அமுக்கினால் எழாது. குன்வோரும் அதைத் திட்டிக்கொண்டேதான் ஊதுவாள். ஆனால் ஊதுகிற நிலையில் ஒரு வாத்தியம் இருக்கும்வரை புதிது வாங்குவதில்லை என்பது குழுவின் கொள்கை. கெட்டியான கொள்கை. டூபாவும் கெட்டி.

பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைநாளில், ஒரே பாட்டின் ஒரே வரியைக் குன்வோர் இருபது தடவை ஊதிவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனாள். ஓட்வார் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டார். டூபாவைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையின் கோடிக்குப் போய், விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே போட்டுவிட்டு வந்தார். மறுநாள், "பெர்கன் டவுனுக்குப் போனப்ப கார்ல இருந்து எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். ரிப்பேருக்குக் கொண்டுபோனேன், உனக்குச் சொல்லாம..." என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். ஊர் விட்டதா? குன்வோருக்கு ஆறுதல் சொல்ல ஊரே திரண்டது. புது டூபா வாங்க வாரா வாரம் வாஃபிள் என்கிற இனிப்பு அடை சுட்டு விற்றார்கள். முன்னால் நின்று நடத்தியவள் இங்குன். மாவு கரைத்தது ஓட்வார். பின்னே, மனைவியின் குழல் திருட்டுப்போன சோகத்தில் இருக்கும் கணவன் மாவு கரைக்காமல் என்ன செய்வான்? குளிர்காலம் முழுக்கக் கரைத்தார். வசந்தத்தில் புது டூபா வந்தது. பழையதைவிடப் பெரியது, சத்தமும் அப்படியே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

அதுவும் பழகிப்போயிற்று. பத்து வருடத்தில் எதுவும் பழகும். இப்போது டூபாச் சத்தம் கேட்டால்தான் ஓட்வாருக்கு உருளைக்கிழங்கு வேகவைக்க நேரமாகிவிட்டது என்பதே தெரியும். ஆனால் பிப்ரவரி மாதம் ஊர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. மே மாதத்தில் முக்குளிப்புச் சங்கமும் ஊர் மக்களும் சேர்ந்து துறைமுகத்தின் அடியைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். கூலி கிடையாது, பொதுவேலை. வெளியே வருகிற சாமான்களையெல்லாம் துறையில் வரிசையாக வைத்து, எது யாருடையது என்று ஊர் கண்டுபிடிக்கும். மாட்டிக்கொண்டவர் எல்லோருக்கும் காப்பி வாங்கித்தர வேண்டும்.

டூபாவின் மேல் 'ஸ்கார்விக் பித்தளை வாத்தியக் குழு' என்று பொறித்திருந்தது. பெர்கனில் திருட்டுப்போன குழல் ஸ்கார்விக் துறைமுகத்தில் எப்படி முளைத்தது என்று கேட்க, காது கேட்டால் போதும், மூளைகூட வேண்டாம்.

ஊர் சிரித்தால் ஓட்வார் தாங்கிக்கொள்வார். குன்வோரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அன்றைக்கு அவள் அழுதாள். கண்ணீர் வழிய, "பரவாயில்லை, நீ பத்திரமா வந்தியே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் சுடுகிறது. ஆகவே ஊர் இறங்குவதற்கு முன்னால் தான் இறங்கிவிட வேண்டும், டூபாவை யாருக்கும் தெரியாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்தால் ஓட்வார் மாறமாட்டார்.

முக்குளிக்கப் போகிறேன் என்று சொன்னதும் குன்வோருக்கு முகமே மாறிவிட்டது.

"உனக்கு என்ன பைத்தியமா? குளிர்ல செத்துப் போவே!"

"கம்பளி போட்டுக்குறேன்."

"இடுப்புவலிக்காரனுக்கு எதுக்கு இந்த வேலை? தையல் கத்துக்கோ. காளான் பொறுக்கப் போ. கடல்தானா கெடச்சுது?"

"நீ ஊதுறே இல்ல? எனக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?"

இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "சரி, போ. ஆனா விளக்குக் கம்பத்தைத் தாண்டி ஆழத்துக்குப் போகக்கூடாது. இந்தப் பக்கம் எங்க வேணா தேடு... எங்க வேணா சுத்து. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். சத்தியம் பண்ணு" என்றாள்.

இவ்வளவு பாசமுள்ளவளுக்கா துரோகம் செய்தோம் என்று நொந்துகொண்டே சத்தியம் செய்தார். விளக்குக் கம்பத்தைத் தாண்ட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. போட்ட இடம் கம்பத்துக்கு நேர் கீழேதானே.

கால் மேலே, தலை கீழே என்கிற கட்டத்தை ஒருவழியாகத் தாண்டியதும் அடுத்தது காது. இறங்க இறங்கத் தண்ணீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி அதைச் சரிசெய்ய வேண்டும். ஊர்க் காதுகளையெல்லாம் விளக்கு வைத்துப் பார்த்தவருக்குத் தன் காது மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஒரு முழம் இறங்குவார், வலிக்கும், ஏறுவார். மறுபடி இறங்குவார். இங்குன் தண்ணீருக்குள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

"காதுக்குள்ள என்ன இருக்குன்னு படம் போட்டுக் காட்டுவீங்களே, இப்ப என்ன ஆச்சு?" என்று மேலே வந்ததும் கேட்டாள்.

"படத்துல தண்ணி இல்ல."

மூன்றாவது வாரம் ஒரு காலை, காது 'டப்' என்று திறந்துகொண்டது. ஓட்வார் தரையில் முழங்காலிட்டுத் தலையை நிமிர்த்தினார். மேலே வானத்துக்குப் பதிலாகப் பச்சை வெளிச்சம் அசைந்தது. தன் மூச்சின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மூக்குக்கு முன்னால் ஒரு சின்ன மீன் வந்து நின்று, இவன் யார் என்று விசாரித்துவிட்டுப் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் செக்கச்செவேலென்று ஒரு நட்சத்திர மீன் கல்லைக் கட்டிக்கொண்டு தூங்கியது. ஊருக்குச் சொன்ன பொய் உண்மையாகிப் போனதில் ஓட்வாருக்கு ஆச்சரியம். கடலுக்கு அடியில் அழகு கொட்டித்தான் கிடந்தது. எதற்கு வந்தோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டார்.

பிறகு ஞாபகம் வந்தது. இங்குன் திரும்பிய சமயம் பார்த்து விளக்குக் கம்பத்தின் அடிக்கு நீந்தினார். அங்கே ஒரு சைக்கிள், கடைத் தள்ளுவண்டி ஒன்று, எண்ணற்ற டயர்கள் கிடந்தன. டூபா இல்லை.

அடுத்த நாளும் தேடினார். டயரைப் புரட்டினார். சேற்றைக் கிளறியதில் தண்ணீர் கலங்கி, தன் கையே தனக்குத் தெரியாமல் போனது. இங்குன் அவரைக் காணாமல் பதறி, மேலே இழுத்துவந்து திட்டினாள்.

"ஜோடியை விட்டுப் போகக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன்ல? அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"அழகு" என்றார் ஓட்வார்.

"டயர்லயா?"

நாலைந்து முறை இப்படி. இருந்தது கம்பத்தடி, இல்லாதது டூபா. ஓட்வார் குழம்பிப்போனார். கடைசியில் சிவெர்ட்டின் படகுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"சிவெர்ட், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கனமான சாமான் ஒண்ணு துறைக் கோடியில விழுந்துடுச்சுன்னு வை. நீரோட்டம் அதை இழுத்துட்டுப் போகுமா?"

என்ன சாமான் என்று சிவெர்ட்டின் புருவம் கேட்டது.

"பித்தளைன்னு வை. ஒரு சின்னப் பிள்ளை கனம்."

சிவெர்ட் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு ஓட்வாரை நெடுநேரம் பார்த்தார்.

"தானா நகராது" என்று சொல்லிவிட்டு மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டார்.

தூய்மை நாள் வந்தது. துறை முழுக்க ஜனம். வாத்தியக் குழு சீருடையில் நின்று வாசித்தது. குன்வோர் அன்றைக்கு ஊதவில்லை, காப்பி மேசையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்து கடல் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சாமான் மேலே வரும்போதும் அவள் எட்டி எட்டிப் பார்த்ததை ஓட்வார் கவனித்தார். என்னைப் பற்றிய கவலை, பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த சைக்கிள் யாருது?"

"ரொட்டிக்கடை ஓலாவுது! கல்யாணத்தன்னைக்கு ராத்திரி நேரா கடலுக்குள்ள ஓட்டிட்டுப் போனானே!"

"டேய், அது காத்துல விழுந்துது!"

"காப்பி வாங்குடா முதல்ல!"

ஓட்வாருக்கு முந்தின நாள்தான் சான்றிதழ் கிடைத்திருந்தது. இங்குனோடு சேர்ந்து கரையோரமாக டயர் பொறுக்க வேண்டியது அவர் பங்கு. மிதந்து மானம் போகக்கூடாது என்று, யாருக்கும் தெரியாமல் இரண்டு ஈயக் கட்டிகளைக் கூடுதலாக உடையின் பைக்குள் போட்டுக்கொண்டார். அதுதான் வினையாயிற்று.

கம்பத்தடியில் ஒரு டயரை இழுத்தார். டயர் வரவில்லை. கால் வழுக்கியது. அங்கே தரை சரிவு. கூடுதல் ஈயத்தோடு ஓட்வார் உட்கார்ந்தவாக்கிலேயே கம்பத்தைத் தாண்டி, சத்தியத்தையும் தாண்டி, ஆழத்துக்குச் சறுக்கிப் போனார். காது வலிக்காமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டே போனார். பின்னாலேயே இங்குன் கையை ஆட்டிக்கொண்டு துரத்தினாள். புதியவர்கள் போகலாம் என்று விதி சொல்லும் எல்லை வரும் நேரத்தில், ஒரு மணல்பள்ளம் அவரைத் தாங்கிக்கொண்டது.

எதிரே டூபா.

வாயை மேலே வைத்துக்கொண்டு, பாசி படர்ந்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. துறையிலிருந்து இத்தனை தூரம், இத்தனை ஆழம் அது எப்படி நடந்து வந்தது என்று யோசிக்க நேரமில்லை. இங்குனின் விளக்கு வெளிச்சம் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஓட்வார் சட்டென்று டூபாவின் வாய்மேல் உட்கார்ந்துகொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை, சோறு இருக்கும். இங்குன் வந்து நின்று, என்ன பிரச்சினை என்று சைகையில் கேட்டாள். பிரச்சினையில்லை என்று சைகை காட்டினார். வா என்றாள். வரவில்லை என்றார். காற்று இருக்கிறதா என்றாள். நிறைய இருக்கிறது என்றார். அப்படியென்றால் எழுந்திரு என்றாள். ஓட்வார் சுற்றிலும் பார்த்து, எவ்வளவு அழகு என்பதுபோல் கையை விரித்தார்.

டூபாவுக்குள், நண்டுபோலப் பெரிய கொடுக்குள்ள ஒரு சிங்கி இறால் குடியிருந்தது. வாசலை ஒருவன் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த வீட்டுக்காரருக்கும் கோபம் வரும். இலையுதிர்காலம் வரும்வரை தன்னை யாரும் தொடக்கூடாது என்று அரசாங்கச் சட்டம் இருப்பதும் அதற்குத் தெரிந்திருக்கும் போல, துணிச்சலாகக் கொடுக்கை நீட்டி, கைக்கெட்டியதைப் பிடித்தது.

ஓட்வார் கத்தினார். குழாயிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாகப் போயின. துள்ளி எழுந்தார். உடை பின்பக்கம் கிழிந்து, ஐஸ் தண்ணீர் உள்ளே புகுந்தது. இறால் பள்ளத்தை விட்டு வெளியேறிப் போயிற்று. இங்குனின் விளக்கு டூபாவின்மேல் விழுந்தது.

அவள் கையால் பாசியைத் துடைத்தாள். எழுத்துகள் தெரிந்தன. முகக்கண்ணாடிக்குள் அவள் கண்கள் அகன்றன. ஓட்வார் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி இங்குன் அவரைக் கட்டிப்பிடித்தாள். நம் டூபாவைக் கண்டுபிடித்து, நான் வரும்வரை நகராமல் காவல் காத்தீரே, என்கிற கட்டிப்பிடி. பிறகு டூபாவில் ஆரஞ்சு நிறப் பையைக் கட்டி, அதில் காற்றை நிரப்பினாள். பை டூபாவைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று.

மனிதர்கள் அந்த வேகத்தில் போகக்கூடாது. நடுவழியில் கொஞ்ச நேரம் நின்று போக வேண்டும் என்பது விதி. அங்கே ஓட்வார் தொங்கிக்கொண்டு நின்றார். கம்பளி நனைந்து உடம்பு நடுங்கியது. என்ன சொல்லலாம் என்று யோசித்தார். நீரோட்டம் என்று சொல்லலாம். வேறொரு டூபா என்று சொல்லலாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது இந்தப் பொய்கள் எல்லாம் தேவலை போலத் தெரிந்தன. ஆனால் குன்வோரின் கை ஞாபகம் வந்தது. பொய்யைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பத்து வருடம் வாழ முடியாது, இத்தனை பாடுபட்டு இறங்கியதுபோல் இதையும் இறங்கிச் செய்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். நடுக்கம் நிற்கவில்லை, மனம் நின்றது.

அவர்களையும் டூபாவையும் படகில் ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தார் சிவெர்ட். வழியெல்லாம் டூபாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

துறையில் ஏறியதும் இங்குன் கத்தினாள். "நம்ம டூபா! பத்து வருஷத்துக்கு முன்னால காணாமப் போன டூபா! கண்டுபிடிச்சது நம்ம ஓட்வார்!"

கூட்டம் கைதட்டியது. வாத்தியக் குழு தானாகவே ஒரு வெற்றிப் பாட்டை எடுத்தது. ரொட்டிக்கடை ஓலா மட்டும் கையை உயர்த்தினான்.

"ஒரு நிமிஷம். பெர்கன்ல திருடுனவன் அதை இங்க கொண்டாந்து ஏன் போட்டான்?"

"படகுல தப்பிச்சு வந்திருப்பான். போலீசைப் பாத்ததும் கடல்ல வீசியிருப்பான்" என்றாள் இங்குன் உடனே. "அப்படித்தானே ஓட்வார்?"

கூட்டம் முழுக்கத் தலையசைத்தது. சுடச்சுட வாஃபிள் மாதிரி ஒரு பொய், தட்டில் வைத்துக் கையில் கொடுத்தாகிவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓட்வார் காப்பி மேசையைப் பார்த்தார். குன்வோரின் முகம் மேசைவிரிப்பைப்போல் வெளுத்திருந்தது. கையிலிருந்த கூஜா கோப்பையைத் தாண்டித் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார் ஓட்வார். "திருடன் யாரும் இல்ல. நான்தான் போட்டேன்."

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சத்தம் தாங்க முடியல. ஒரு நாள் புத்திகெட்டுப் போச்சு. இந்தக் கையாலதான் தூக்கிப் போட்டேன். பெர்கன் கதை பொய். அப்புறம் ஊர் பூரா வாஃபிள் சுட்டப்ப நானும் நின்னு மாவு கரைச்சேன். முக்குளிக்கக் கத்துக்கிட்டதே இதை மறைக்கத்தான். குன்வோர், நீ அன்னிக்கு அழுதே. அதை நினைச்சு நான் தூங்காத ராத்திரி இல்ல. நீ என்ன தண்டனை குடுத்தாலும் சரி. காப்பி எல்லாருக்கும் நான் வாங்கறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இங்குன் வாயைப் பொத்திக்கொண்டாள். குன்வோரின் கன்னம் வெளுப்பிலிருந்து சிவப்புக்கு மாறியது, கழுத்து வரைக்கும் சிவந்தது. அவள் ஓட்வாரைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பின்னால் படகில் நின்றுகொண்டிருந்த சிவெர்ட்டைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள். என் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத அளவுக்கு வெறுத்துவிட்டாள் என்று ஓட்வாருக்குக் கண் கலங்கியது.

சிவெர்ட் படகிலிருந்து இறங்கி வந்தார். டூபாவைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அன்றைய வாக்கியத்தை அவர் இன்னும் செலவழித்திருக்கவில்லை.

"ஏம்மா குன்வோர், இது அந்த வாரமே என் நங்கூரத்துல மாட்டி வந்தப்ப, 'புதுசு வாங்க ஊரே வாஃபிள் சுடுது, இந்தக் கிழடை யார் கண்ணுலயும் படாம ஆழத்துல போட்டுட்டு வா'ன்னு நீதானே சொன்னே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கணுமோ?"